இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய சொகுசுக் காரைக் கட்டிக்காப்பது எப்படி

பதினைந்து வயதான பெரிய மெர்சிடிஸோ பிஎம்டபிள்யூவோ ஆடியோ, விலையில் ஒரு புதிய சின்னக் காருக்கும் கீழே இறங்கிவிடும். அதன் உதிரிபாகங்கள் இறங்குவதில்லை. புதிதாக வந்தபோது அது எந்த வகுப்புக் காரோ அந்த வகுப்புக்கான விலையிலேயே அவை நிற்கும். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நல்லவேளையாக, இந்தக் கார்களில் எது எப்போது போகும் என்பது பெரும்பாலும் தெரிந்த சங்கதி. அந்த வரிசைப்படி முந்திக்கொண்டு செலவு செய்தால் சமாளிக்கலாம்.

ஓடோமீட்டரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒழுங்காக ஆயில் மாற்றிய எஞ்சினில் கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாம் மூன்று லட்சம் கிலோமீட்டரும் தாங்கும். தாங்காதவை ரப்பர், பிளாஸ்டிக், மாற்றாமல் விட்ட திரவங்கள். இவற்றுக்கு வயதும் சூடும்தான் எமன். நெடுஞ்சாலையிலேயே ஓடிய 2,20,000 கிலோமீட்டர் கார், ஷெட்டில் நின்றே கிடந்த 60,000 கிலோமீட்டர் காரைவிடப் பல நேரம் நல்ல கொள்முதல்.

வாங்கும் முன்

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருந்தால், ஏதோ சத்தத்தை மறைக்கத்தான் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்தார்களோ என்று சந்தேகப்படலாம். முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி சங்கிலி கடகடக்கும் சத்தம் கேட்டால் டைமிங் செயின் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி), அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் கைடு இவற்றில் ஒன்று தேய்ந்திருக்கிறது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல், என்20 பெட்ரோல், ஆடியின் 2.0 டிஎஃப்எஸ்ஐ ஆரம்ப காலத்துச் செயின் எஞ்சின்கள் இதற்குப் பேர் போனவை. என்47-ல் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருப்பதால் வேலைக்கூலியே பெருந்தொகை. 2006 வரை வந்த மெர்சிடிஸ் எம்272 எஞ்சின் பலவற்றில், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் தேயும். பிஎம்டபிள்யூ என்62 வி8-ல் வால்வு ஸ்டெம் சீல் (வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) கெட்டிப்பட்டுப் போகும். எஞ்சின் சூடான பிறகு பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒரு முறை ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னால் நீலப் புகை மண்டலம் எழும்பும்.

ஸ்கேனரை மாட்டும்போது எஞ்சினோடு நிற்காமல் எல்லா மாட்யூல்களையும் (காரின் ஒவ்வொரு பகுதியையும் இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள்) படியுங்கள். பொதுவான ஓபிடி கருவி (காரின் சோதனைப் பிளக்கில் மாட்டிப் பிழைக்குறி படிப்பது) போதாது. பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு எக்ஸென்ட்ரி, ஆடிக்கு விசிடிஎஸ், லெக்ஸஸுக்கு டெக்ஸ்ட்ரீம் என அந்தந்த மென்பொருள் வேண்டும். பிழைக்குறி ஒன்றுமே இல்லை, ஆனால் 'ரெடினஸ் மானிட்டர்' (கார் தானாகச் செய்யும் சுயசோதனை) எதுவும் முடியவில்லை என்று காட்டினால், சமீபத்தில் யாரோ குறிகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள். பல கார்களில் ஓடிய தூரம் ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூலில் பதிவாகும். டேஷ்போர்டில் தெரியும் எண் அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் தேறினாலும், வாங்கிய விலையில் நான்கில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கு ஒதுக்க முடியாவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது.

முதலில் கூலிங்

மற்ற எது கெட்டாலும் காரை ஓரங்கட்டி நிறுத்தலாம். எஞ்சின் சூடேறி அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்தால் கதை முடிந்தது. அதனால் வாங்கிய உடனே கை வைக்க வேண்டிய இடம் இது.

எக்ஸ்பான்ஷன் டேங்க் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டி), அதன் மூடி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மேல் கீழ் ஹோஸ்கள், டிரைவ் பெல்ட், டென்ஷனர் ஆகிய அனைத்தையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுங்கள். டேங்கும் ஹோஸ் முனைகளும் பிளாஸ்டிக். ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறியதில் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் சீராகி, அடுத்த பலவீனமான இடம் வெடிக்கும். கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்க வேண்டாம், நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. கார் கையேட்டில் உள்ள தரக்குறியைப் பார்த்து வாங்கி, டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் சில நேரம் கூழாகி, காரின் உள்ளே சூடு தரும் ஹீட்டர் கோரை அடைக்கும்.

பிஎம்டபிள்யூ என்52 போன்ற எஞ்சின்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடும். முன்னறிவிப்பு கொடுக்காமல் சட்டென்று நின்றுவிடுவது இதன் சுபாவம். 1,00,000 கிலோமீட்டரைத் தாண்டிய, எப்போது மாற்றியது என்று தெரியாத பம்பைத் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றுங்கள். அதைப் பிடிக்கும் அலுமினிய போல்ட்டுகள் ஒரு முறைதான் முறுக்கலாம், புதிது போடுங்கள். பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, கூலன்ட்டை நிரப்பி மூடியை இறுக்கி, இக்னிஷனை மட்டும் போடுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஹீட்டர் வெப்பத்தை உச்சத்தில், காற்று வேகத்தைக் குறைந்தபட்சத்தில் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பத்து விநாடி பிடியுங்கள். பம்ப் தானாக ஓட ஆரம்பித்து ஏறத்தாழ 12 நிமிடத்தில் நிற்கும். அதற்குப் பிறகு அளவைச் சரிசெய்யுங்கள்.

வெப்பமானியை நம்ப வேண்டாம். பல கார்களில் 80 டிகிரியிலிருந்து 110 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள், ஓட்டுபவர் பதறக் கூடாதே என்று. முள் அசையும்போது காலம் கடந்திருக்கும். ஓபிடி வழியாக உண்மையான வெப்பநிலையைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று டேஷ்போர்டில் இருக்கட்டும். சில கார்களில் வெப்பநிலை முள்ளே கிடையாது, அவற்றுக்கு இது கட்டாயம்.

கூலன்ட் மெல்லக் குறைந்து தரையில் சொட்டே காணவில்லை என்றால், எஞ்சின் குளிர்ந்த நிலையில் கைப்பம்பால் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அழுத்தம் இறங்கினால் கசிவு எங்கேயோ இருக்கிறது. என்62 வி8-ல் எஞ்சின் நடுவே ஓடும் கூலன்ட் குழாயின் சீல் போவதும் இப்படித்தான் தெரியவரும்.

ஆயில், கசிவுகள்

உற்பத்தியாளர் 25,000 அல்லது 30,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கலாம். முதல் உரிமையாளரின் செலவைக் குறைவாகக் காட்டும் கணக்கு அது. பழைய எஞ்சினுக்கு 8,000 முதல் 10,000 கிலோமீட்டர், அல்லது வருடம் ஒரு முறை. பாகுநிலையோடு கார் நிறுவனத்தின் அங்கீகாரக் குறியையும் பார்த்து வாங்குங்கள்: பிஎம்டபிள்யூ எல்எல்-04, மெர்சிடிஸ் 229.5, ஃபோக்ஸ்வாகன் 504/507 போல. டீசல் துகள் வடிகட்டி உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம்.

ஆயில் கசியாத பழைய ஜெர்மன் கார் என்று ஒன்று இருந்தால் அதில் ஆயிலே இல்லை என்று சொல்வார்கள். கேலிதான், ஆனாலும் எந்தக் கசிவு அவசரம், எது காத்திருக்கலாம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். வால்வு கவர் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்பு ரப்பர்) கசிந்து ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கினால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில்கள் கெடும், சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் வரும். எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் கசிவை அலட்சியம் செய்யவே கூடாது. அது பெல்ட்டை நனைக்கும், நனைந்த பெல்ட் கழன்று கிராங்க் சீல் வழியாக எஞ்சினுக்குள்ளேயே இழுக்கப்படும். சின்ன ரப்பர் வளையத்தால் எஞ்சினே போன கார்கள் உண்டு. எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தட்டான ஆயில் பேனின் கேஸ்கெட்டில் வெறும் ஈரக்கசிவு என்றால் அளவைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம், வேறு வேலைக்கு சப்ஃபிரேமை (அடியில் உள்ள தாங்குசட்டம்) இறக்கும்போது சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.

பல கேஸ்கெட்டுகள் ஒரே நேரத்தில் கசிந்தால், கேஸ்கெட் வாங்கும் முன், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் வால்வைச் சோதியுங்கள். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மூடி பலமாக உறிஞ்சிப் பிடித்தால் வால்வின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. புகையும் காற்றும் வெளியே தள்ளினால் வால்வு அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

பழைய லெக்ஸஸ் எல்எஸ்400-ல் டைமிங் பெல்ட்டைச் சுமார் 1,50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வாட்டர் பம்ப்போடு மாற்ற வேண்டும். அதோடு பவர் ஸ்டீயரிங் பம்ப் கசிவைப் பாருங்கள், கசியும் ஆயில் அதற்குக் கீழே இருக்கும் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) மேல் சொட்டி அதைக் கெடுக்கும். பம்ப்பைச் சரிசெய்யாமல் ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றுகிறவர்கள் இரண்டாவது ஆல்டர்னேட்டரும் வாங்குவார்கள்.

கியர்பாக்ஸ்

'ஆயுள் முழுமைக்கும் போதுமான ஆயில்' என்று கார் நிறுவனங்கள் எழுதின. பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார் கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்துகொடுத்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் பேச்சைக் கேளுங்கள்.

இசட்எஃப்பின் ஆறு கியர் 6எச்பி வகையில் பேனும் (அடியில் உள்ள ஆயில் தட்டு) ஃபில்டரும் சேர்ந்து ஒரே பிளாஸ்டிக் பாகம், முழுதாக மாற்ற வேண்டும். வடிகால் பிளக்கைத் தொடும் முன் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து அசையாவிட்டால், ஆயிலை வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் கார் லிஃப்ட்டிலேயே நிற்கும். பேனைக் கழற்றியதும் காந்தங்களைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். பளபளக்கும் துணுக்குகள் இருந்தால் பெட்டி உள்ளேயே உடைந்துகொண்டிருக்கிறது. கியர்களைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட்டின் பிளக்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஸ்லீவும் அங்கே இருக்கும் ரப்பர் சீல்களும் இதே சமயத்தில் மாறட்டும். பேன் போல்ட்டுகளை 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் விரியும்.

ஊற்றும் துளை வழியாக வழியும் வரை லைஃப்கார்ட் 6 ஆயிலை நிரப்புங்கள், எட்டு கியர் 8எச்பி என்றால் லைஃப்கார்ட் 8. கார் சமதளத்தில், எஞ்சின் ஓடும்போது, பிரேக்கை மிதித்து ஒவ்வொரு கியராகச் சில விநாடி போட்டு மீண்டும் பார்க்குக்கு வாருங்கள். ஸ்கேனரில் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பம் 30-க்கும் 50 டிகிரிக்கும் இடையே இருக்கும்போது, மெல்லிய ஓடையாக வழிய ஆரம்பித்தால் அளவு சரி. அதைவிடச் சூடான பிறகு அளந்தால் விரிந்த ஆயில் ஏமாற்றிவிடும். இந்த முறையில் பழைய ஆயிலில் ஒரு பகுதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கும். பல மாதம் கழித்து இன்னொரு முறை மாற்றுவது இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்து 'ஃப்ளஷ்' செய்வதைவிடப் பாதுகாப்பு. ஏற்கெனவே வழுக்கும் கியர்பாக்ஸை ஆயில் மாற்றம் காப்பாற்றாது.

மெர்சிடிஸின் ஐந்து கியர் 722.6-ல் ஒரு வினோதம். பக்கவாட்டில் உள்ள 13 பின் கனெக்டரின் ஓ-ரிங்கிலிருந்து கசியும் ஆயில், வயர்களின் உள்ளே ஊறி ஏறி கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரை போகும். கம்ப்யூட்டர் பிளக்கைக் கழற்றி ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்ற வேண்டிய கனெக்டர் மலிவு, கம்ப்யூட்டர் மலிவில்லை. அதே காலத்து மெர்சிடிஸ்களில் சில ரேடியேட்டர்களுக்குள் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்து கிளட்ச் தகடுகளை அழித்திருக்கின்றன, சந்தேகம் இருந்தால் ரேடியேட்டரையும் மாற்றிவிடுங்கள்.

மின்சாரம்

டேஷ்போர்டில் ஏர்பேக், ஏபிஎஸ், சஸ்பென்ஷன் என்று ஒரே நேரத்தில் பல எச்சரிக்கைகள் எரிந்தால் பேட்டரியில் இருந்து தொடங்குங்கள். முழுக்கச் சார்ஜ் ஆகி ஓய்வில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்குக் கீழே என்றால் பாதிக்கும் குறைவு. ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பேட்டரி சென்சார் உள்ள பிஎம்டபிள்யூவில் புதிய பேட்டரியை ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரி என்று நினைத்துக் கூடுதலாகச் சார்ஜ் ஏற்றும்.

இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கினால் இப்படித் தேடுங்கள். பானெட்டும் கதவுகளும் திறந்தே இருக்க, அவற்றின் பூட்டுகளை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, காரை ரிமோட்டால் பூட்டி, சாவியைத் தூரமாக வையுங்கள். மாட்யூல்கள் தூங்க அரை மணி நேரம், சில கார்களில் அதற்கு மேலும் ஆகும். அதன் பின் இழுக்கும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் ஃப்யூஸ்களைப் பிடுங்காதீர்கள், திரும்பச் செருகும்போது மாட்யூல் விழித்துக்கொள்ளும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஃப்யூஸின் தலையில் உள்ள இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். பூஜ்யத்துக்கு மேல் காட்டும் ஃப்யூஸ் வழியாகத்தான் மின்சாரம் ஓடுகிறது.

பல நேரம் அந்தக் குற்றவாளியின் பின்னால் தண்ணீர் இருக்கும். சன்ரூஃப் வடிகால் அடைத்தால் தண்ணீர் கம்பளத்துக்கு அடியில், அங்கேயே பொருத்தியிருக்கும் மாட்யூல்களுக்குள் இறங்கும். கம்பளத்தின் மேல்பகுதி காய்ந்திருக்கும், அடியில் உள்ள ஸ்பாஞ்ச் நனைந்திருக்கும், அதனால் கையை அடியில் விட்டுப் பாருங்கள். வடிகாலைப் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றால் மெதுவாகக் குத்திச் சுத்தம் செய்யலாம். கம்ப்ரஸர் காற்று வேண்டாம், உள்ளே ஹோஸ் கழன்றால் கூரைத்துணியை இறக்க வேண்டியிருக்கும். வைப்பருக்குக் கீழே சேரும் இலைகளையும் வருடம் இரண்டு முறை அள்ளுங்கள்.

1990-களின் முன்பாதியில் வந்த மெர்சிடிஸ்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. எஞ்சின் வயரிங்கின் காப்புறை காய்ந்து உதிரும். வயரைத் தொட்டாலே தூளானால், சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பயனில்லை, வயரிங் முழுவதும் புதிதாக வேண்டும்.

சஸ்பென்ஷன், பிரேக்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில் மாலையில் நிறுத்தும்போது சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளையும் அளந்து எழுதுங்கள், காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தணிந்தால் அங்கே உள்ள ஸ்ட்ரட் (காற்று நிரப்பிய தாங்கி) அல்லது குழாய் கசிகிறது. பல மூலைகள் சேர்ந்து தணிந்தால், காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வழி காட்டும். கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி எரிந்துபோகும். கம்ப்ரஸர் போனது என்று அதை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் வேலை. புதிய ஸ்ட்ரட்டைப் பொருத்திய பின், காற்று ஏற்றாமல் காரின் எடையை அதன் மேல் இறக்கினால் ரப்பர் தவறாக மடிந்து கிழியும். காற்றின் பலத்தில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள், ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் வேலை இல்லை.

80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடுகிறது என்றால் பலரும் டிஸ்க்கைத்தான் மாற்றுகிறார்கள். பிஎம்டபிள்யூ 5 சீரிஸின் ஈ39, ஈ60 தலைமுறைகள் போன்றவற்றில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்பக்க ஆர்மின் திரவம் நிரப்பிய புஷ் (ரப்பர் வளையம்) கசிந்து போனதே பெரும்பாலும் காரணம். புஷ்ஷில் விரிசலோ எண்ணெய்க் கறையோ தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். எந்த ஆர்மை மாற்றினாலும் போல்ட்டின் கடைசி முறுக்கு, கார் தன் எடையில் சக்கரங்களின் மேல் நிற்கும்போதுதான். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் திருகியபடியே நின்று, சில மாதத்தில் கிழியும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். 2006 வரை வந்த மெர்சிடிஸ் டபிள்யூ211 ஈ-கிளாஸிலும், ஆர்230 எஸ்எல்லிலும் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் உண்டு. கதவைத் திறந்தாலே அது தானாக அழுத்தம் ஏற்றிப் பிஸ்டனைத் தள்ளும், விரல் நசுங்கும். ஸ்கேனரால் அதைச் செயலிழக்க வைக்காமல் பிரேக் பேடில் கை வைக்கக் கூடாது.

பாகங்கள் வாங்குவது

கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகத்தைப் பல நேரம் வேறொருவர்தான் செய்திருப்பார். சஸ்பென்ஷன் ஆர்மில் லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பரில் சாக்ஸ், பில்ஸ்டீன், கேஸ்கெட்டில் எல்ரிங், விக்டர் ரைன்ஸ், ஜப்பானியக் கார்களுக்கு டென்ஸோ, ஐசின் என்று அதே செய்தவரின் பெட்டியில் வாங்கினால் பெரும்பாலும் செலவு குறையும். சேஸிஸ் எண்ணை வைத்துப் பாக எண்ணை எடுத்த பிறகே ஆர்டர் கொடுங்கள், ஒரே வருடத்து ஒரே மாடலில் இரண்டு வகை பிரேக் இருப்பது சகஜம். கண்ணாடி, சீட், கதவு அலங்காரம் எல்லாம் பழைய பாகக் கடையில் வாங்கலாம். ரப்பர், பம்ப், சென்சார் அங்கே வேண்டாம். மாட்யூல்கள் பல, முந்தைய காரின் சேஸிஸ் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். உங்கள் காருக்கு ஏற்றபடி திரும்பக் கோடிங் செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ளாமல் காசு கொடுக்காதீர்கள்.

பிழைக்குறி சொன்ன பாகத்தையே வாங்கிப் போடுவதும் வீண்செலவு. பி0171 வந்தால் ஆக்ஸிஜன் சென்சார் கெட்டது என்று பொருளில்லை, கலவையில் காற்று அதிகம் என்றுதான் பொருள். ஃப்யூயல் டிரிம் (எரிபொருள் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) ஐடிலில் அதிகமாக இருந்து வேகம் ஏற ஏற இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது, குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி அது எங்கே வெளியேறுகிறது என்று சோதியுங்கள். வேகத்தோடு டிரிமும் ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தையும், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரையும் பாருங்கள்.

எப்போது கைவிடுவது

சப்ஃபிரேம் பொருந்தும் இடங்களிலும் ஜாக் வைக்கும் இடங்களிலும் துரு ஓட்டை போட்டிருந்தால், அல்லது கார் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் மேலும் பணம் போடாதீர்கள். கியர்பாக்ஸும் டைமிங் செயினும் ஒரே சமயத்தில் கெட்டாலும் அப்படித்தான். அந்த நிலையில் முழுக் காராக விற்பதைவிடப் பிரித்து விற்றால் அதிகம் தேறும்: ஸெனான் ஹெட்லைட், அலாய் சக்கரம், தோல் சீட், நீங்களே சமீபத்தில் மாற்றிய ஸ்ட்ரட், கம்ப்ரஸர் ஆகியவற்றுக்கு உடனே ஆள் கிடைக்கும். புதிய பாகங்களின் ரசீதுகளை அவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் பேரம் எளிது.